ஆர்வமும் உருபும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், நீலசந்திராவில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் தம்பி ஒருவன் ஒரு தாளை நீட்டிக்கொண்டு வந்து நின்றான். இளங்கலை வகுப்பின் இறுதியாண்டில் படிப்பவன். சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் துணையாசிரியர் வேலை ஒன்றுக்கு அவன் எழுதிய விண்ணப்பம் அது.

“அண்ணா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். எனக்குப் பிள்ளைகள் என்றால் உயிர். நிஜமாகவே உயிர். அதையே ஆங்கிலத்தில் எழுதினால் ஏதோ பொய் சொல்வதுபோல் இருக்கிறது” என்றான்.

தாளை வாங்கிப் படித்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. சொற்களும் நல்ல சொற்களே. ஆனால் வரிக்கு வரி எங்கோ இடறியது. அவ்வரிகளை இங்கே தருகிறேன். நம் சங்கத்து நண்பர்கள் தாங்களே ஒருமுறை படித்து, இடறும் இடங்களைக் கண்டுபிடிக்க முயன்ற பிறகு மேலே செல்க.

‘ஐ ஆம் ஃபாண்ட் வித் சில்ட்ரன். ஐ ஆம் பேஷனேட் ஃபார் டீச்சிங். ஐ ஆம் டெடிகேட்டட் டு டீச் தி புவர். டீச்சிங் இஸ் தி வொர்க் விச் ஐ ஆம் மோஸ்ட் இன்டரெஸ்டெட். ஐ ஆம் ஆங்ஷஸ் அபவுட் திஸ் போஸ்ட். ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ.’

ஆறு வரிகள், ஆறிலும் பிழை. அத்தனை பிழைகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆர்வத்தைக் குறிக்கும் சொல்லை எழுதிவிட்டு, அதற்குப் பின்னால் வரவேண்டிய சிறு சொல்லில் தடுமாறியிருக்கிறான் தம்பி. ஆன், இன், ஆஃப், அபவுட், ஃபார், டு என்னும் இச்சிறு சொற்களை முன்னிடைச்சொற்கள் என்று நம் பள்ளிகளில் கற்பிப்பர். பெயருக்கு முன்னால் நிற்பதால் அப்பெயர். நம் தமிழில் இந்த வேலையைச் செய்வன பெயருக்குப் பின்னால் ஒட்டும் வேற்றுமை உருபுகளும், ‘பற்றி’, ‘மேல்’ முதலிய சொல்லுருபுகளும் ஆகும்.

தம்பியை நான் குறை கூறமாட்டேன். நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவன் ஆங்கிலத்துக்கு வருமுன் எத்தனை உருபுகளைக் கடந்து வருகிறான் என்பதை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ். ‘இசையில் ஈடுபாடு’ என்பான். தெருமுனையில் கன்னடம். அங்கே ‘சங்கீததல்லி ஆசக்தி’; தமிழின் ‘இல்’லும் கன்னடத்தின் ‘அல்லி’யும் ஒரே வேலையைச் செய்கின்றன. பக்கத்து வீட்டில் தெலுங்கு. அங்கே ‘சங்கீதம் அன்டே இஷ்டம்’. ‘இசை என்றால் விருப்பம்’ என்பது அதன் நேர்ப்பொருள். நாமும் ‘என்றால் உயிர்’ என்கிறோம் அல்லவா? பட்டம் விடும் கூட்டாளியிடம் தக்கினி உருது. அங்கே ‘பதங் கா ஷௌக்’. ‘கா’ என்பது உடைமைப் பொருள் தரும் உருபு. நம் ஆறாம் வேற்றுமை போன்றது. (இந்த ‘ஷௌக்’தான் நம் பேச்சுத் தமிழில் ‘ஷோக்கு’ ஆகி, ஆசையை விட்டுவிட்டு ஆடம்பரத்தைக் குறிக்கத் தொடங்கிவிட்டது.) இப்படி ஒரே ஆசைக்கு இல், அல்லி, அன்டே, கா என்று நான்கு வால்கள். எந்த மொழியில் எந்த வால் என்று அவன் ஒருநாளும் குழம்பியதில்லை. ஏனெனில் அவன் வாலைத் தனியே கற்கவில்லை; சொல்லோடு சேர்த்தே கற்றான். ஆங்கிலத்தை மட்டும்தான் சொல் வேறு, வால் வேறு என்று பிரித்துப் படித்தான்.

இதுவே நான் சொல்ல வந்த செய்தி. ஆங்கிலத்தில் எந்த முன்னிடைச்சொல் வரவேண்டும் என்பதைப் பின்னால் வரும் பொருள் தீர்மானிப்பதில்லை. நம் மனத்தில் உள்ள உணர்ச்சியும் தீர்மானிப்பதில்லை. முன்னால் நிற்கும் பெயரடையே தீர்மானிக்கிறது. கிரிக்கெட் ஒன்றுதான், ஆசையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆயினும் ‘கீன் ஆன் கிரிக்கெட்’, ‘இன்டரெஸ்டெட் இன் கிரிக்கெட்’, ‘ஃபாண்ட் ஆஃப் கிரிக்கெட்’, ‘கிரேஸி அபவுட் கிரிக்கெட்’ என்று சொல்தோறும் வால் மாறுகிறது. இது ஆங்கிலேயரின் பிடிவாதம் என்று சினம் கொள்ள வேண்டா. நாமும் ‘அவளை விரும்புகிறான்’ என்போம். ‘அவளுக்கு விரும்புகிறான்’ என்னோம். ‘அவனுக்குப் பிடிக்கும்’ என்போம். ‘அவன் பிடிக்கும்’ என்றால் பொருளே வேறாகிவிடும். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியல் என்று ஓர் இயல் வகுத்ததோடு அமையாமல், உருபுகள் ஒன்றன் இடத்தில் ஒன்று வந்து மயங்குவதை ஆராய வேற்றுமை மயங்கியல் என்று தனியாக இன்னோர் இயலும் வகுத்தார். உருபு என்பது அவ்வளவு எளிதில் அடங்கும் பொருளன்று என்பதை அப்பெரியார் அறிந்திருந்தார்.

இனித் தம்பியின் வரிகளுக்கு வருவோம்.

‘ஃபாண்ட்’ என்பதற்கு ‘வித்’ ஒருநாளும் வராது, ‘ஆஃப்’ ஒன்றே. ‘பிள்ளைகளோடு பிரியமாக இருப்பேன்’ என்று தமிழில் நினைத்தான். அந்த ‘ஓடு’ உருபே ஆங்கிலத்தில் ‘வித்’ ஆக வந்து அமர்ந்துவிட்டது. தக்கினியில் நினைத்திருந்தானானால் ‘கா’ அவனை நேரே ‘ஆஃப்’புக்குக் கொண்டு சேர்த்திருக்கும். ‘ஃபாண்ட்’ என்னும் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘அறிவு மயங்கிய’ என்பது பொருள். அன்பு மிக்கவன் அறிவு மயங்கியவனாகத் தோன்றுவது எல்லா நாட்டிலும் உண்டு போலும்! நாமும் ‘பித்து’ என்கிறோம். ‘சினிமாப் பைத்தியம்’ என்கிறோம்.

‘பேஷனேட்’ என்பதற்கு ‘அபவுட்’. இங்கே தம்பி ‘ஃபார்’ போட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர்க் கூறுவேன். ‘அபவுட்’ என்பது நம் ‘பற்றி’க்கு நேர். பற்று, பற்றி இரண்டும் ஒரு வேரில் பிறந்தவை. பற்று பொங்கி வழியும் சொற்களுக்குப் ‘பற்றி’ என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தூசியாஸ்டிக், பேஷனேட், கிரேஸி, மேட், எக்ஸைட்டட் ஆகிய ஐந்தும் ‘அபவுட்’டை ஏற்பவை. இவற்றில் ‘எந்தூசியாஸ்டிக்’ என்பதன் கிரேக்க மூலத்துக்குக் ‘கடவுள் உள்ளே புகுந்த நிலை’ என்று பொருள். நம் ஊர்ச் சாமியாட்டத்தை நினைத்துக்கொள்ளலாம். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது பாராட்டுச் சொல்லன்று. சமய வெறியரை இகழும் சொல். இன்று அந்த இகழ்ச்சி மறைந்து ஊக்கம் மட்டும் நிற்கிறது.

‘மேட்’ என்னும் சொல்லிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. ‘மேட் அபவுட் மை டீச்சர்’ என்றால் ஆசிரியர் மேல் அளவற்ற பிரியம். ‘மேட் அட் மை டீச்சர்’ என்றால் ஆசிரியர் மேல் கோபம். வால் மாறினால் அன்பு பகையாகிறது. ‘எக்ஸைட்டட்’ என்பதற்கு ‘ஃபார்’ போடும் வழக்கம் அமெரிக்காவிலும் இளைஞரிடையிலும் இப்பொழுது பரவி வருகிறது. பேச்சில் அது கேட்டால் திருத்தக் கிளம்ப வேண்டா. விண்ணப்பத்தில் ‘அபவுட்’ போடுவதே கேடில்லாத வழி.

‘கீன்’ என்பதற்கு ‘ஆன்’. நம் ‘மேல் ஆசை’ இங்கே கைகொடுக்கும். ‘இன்டரெஸ்டெட்’ என்பதற்கு ‘இன்’. நம் ‘இல் ஈடுபாடு’ அப்படியே பொருந்தும். ஆங்கிலத்தின் இன்னும் தமிழின் இல்லும் ஒலியிலும் நெருங்கி நிற்பது தற்செயலே. அதைக்கொண்டு இரு மொழிக்கும் உறவு கொண்டாடப் புறப்படாமல், நினைவுக்கு உதவியாக மட்டும் வைத்துக்கொள்க. ‘ப்ரவுட்’ என்பதற்கு ‘ஆஃப்’. ‘மகனைப் பற்றிப் பெருமை’ என்று நினைத்து ‘ப்ரவுட் அபவுட்’ என்று எழுதுவார் நம்மில் பலர்.

மூன்றாம் வரியில்தான் தம்பி நெடுநேரம் என்னோடு வழக்காடினான். ‘டெடிகேட்டட் டு டீச்’ என்பது ஏன் தவறு?

“‘ஈகர் டு டீச்’ சரி என்கிறீர்கள், ‘கீன் டு டீச்’ சரி என்கிறீர்கள். ‘டெடிகேட்டட் டு டீச்’ மட்டும் என்ன பாவம் செய்தது, அண்ணா?”

நல்ல கேள்வி. இதற்கு விடை தெரிந்தால் ஆங்கிலத்தின் ஒரு பெரிய முடிச்சு அவிழும். ஆங்கிலத்தில் டு இரண்டு உண்டு. உருவம் ஒன்று, உயிர் வேறு. ஒரு டு வினைச்சொல்லைச் சேர்ந்தது. ‘கற்பிக்க ஆவல்’ என்னும்போது ‘கற்பிக்க’ என்பது செயவென் எச்சம் அன்றோ? ‘டு டீச்’ என்பதிலுள்ள டு அந்தக் ‘க’கரத்தின் வேலையைச் செய்கிறது. மற்றொரு டு உண்மையான முன்னிடைச்சொல். நம் நான்காம் வேற்றுமைக் ‘கு’ உருபைப் போன்றது. ‘கற்பித்தலுக்கு வாழ்வை ஒப்படைத்தான்’ என்னும்போது ‘கு’வுக்கு முன்னால் நாம் வினையை அப்படியே வைப்பதில்லை, ‘கற்பித்தல்’ என்று தொழிற்பெயராக்கியே வைக்கிறோம். ஆங்கிலமும் அதையேதான் செய்கிறது. முன்னிடைச்சொல்லாகிய டுவுக்குப் பின் ‘டீச்’ வராது. ‘டீச்சிங்’ என்னும் தொழிற்பெயர்தான் வரும். ஆகவே ‘டெடிகேட்டட் டு டீச்சிங்’. ‘டிவோட்டட்’, ‘அடிக்டட்’ ஆகியவையும் இவ்வகையே.

எந்த டு எந்த வகை என்று எப்படி அறிவது? அதன்பின் ஒரு வெறும் பெயரை வைத்துப் பாருங்கள். ‘டிவோட்டட் டு மியூசிக்’ என்றால் பொருந்துகிறது. ஆகவே அது முன்னிடைச்சொல். ‘ஈகர் டு மியூசிக்’ என்றால் பொருந்தவில்லை. ஆகவே அது வினையின் டு. ‘ஈகர்’ என்பதற்குப் பெயர் வரவேண்டுமாயின் ‘ஃபார்’ வேண்டும்: ‘ஈகர் ஃபார் நியூஸ்’. (‘ஈகர்’ என்பது கூர்மை, புளிப்பு என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் வழியே வந்தது. ‘வினிகர்’ என்னும் காடியின் பெயரிலும் அதே சொல் ஒளிந்திருக்கிறது. நாக்கைச் சுண்டும் புளிப்பே ஆவல் ஆயிற்று.)

‘கீன்’ இரு வகையையும் ஏற்கும். பொருள் சிறிது மாறும். ‘கீன் ஆன் டீச்சிங்’ என்றால் கற்பிப்பதில் விருப்பம், பொதுவான இயல்பு. ‘கீன் டு டீச்’ என்றால் கற்பிக்க விருப்பம். செய்யத் துடிக்கும் செயல். தமிழிலும் அதே வேறுபாடு, அதே முறையில் இருப்பதைக் காண்க. ‘இன்டரெஸ்டெட்’ பெரும்பாலும் ‘இன்’னும் தொழிற்பெயரும் கொண்டே வரும்; நோ, ஹியர், சீ போன்ற அறிதல் வினைகளுக்கு முன் மட்டும் டு இயல்பாக வரும். ‘இன்டரெஸ்டெட் டு நோ’ சரி. தொழிலைச் சொல்லும்போது ‘இன்டரெஸ்டெட் இன் டீச்சிங்’ என்று எழுதுவதே நன்று.

நான்காம் வரிப் பிழை எனக்கு மிகவும் பிடித்த பிழை. பிழையில் பிடித்தது உண்டா என்று கேட்பீர்கள். தமிழன் மட்டுமே செய்யத்தக்க அளவுக்குத் தமிழ்த்தன்மை வாய்ந்த பிழை அது. ‘டீச்சிங் இஸ் தி வொர்க் விச் ஐ ஆம் மோஸ்ட் இன்டரெஸ்டெட்.’ இங்கே ‘இன்’ எங்கே போயிற்று? தம்பிக்கு ‘இன்டரெஸ்டெட் இன்’ தெரியாதா? நன்றாகத் தெரியும். தமிழ் அதை விழுங்கிவிட்டது. ‘இந்த வேலையில் எனக்கு ஆர்வம்’ என்னும்போது ‘இல்’ இருக்கிறது. அதையே பெயரெச்சமாக மாற்றி ‘நான் ஆர்வம் கொண்ட வேலை’ என்னும்போது அந்த ‘இல்’ காணாமற்போகிறது. ‘கத்தியால் வெட்டினான்’ என்பது ‘வெட்டிய கத்தி’ ஆகும்போது ‘ஆல்’ மறைவதும் இவ்வாறே. உருபு மறைந்தாலும் பொருள் கெடாமல் நிற்பது தமிழ்ப் பெயரெச்சத்தின் அழகு. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. பெயர் முன்னால் ஓடிவிட்டாலும் முன்னிடைச்சொல் தன் இடத்திலேயே காத்து நிற்கவேண்டும்: ‘தி வொர்க் ஐ ஆம் மோஸ்ட் இன்டரெஸ்டெட் இன்.’ ‘தி கேம் ஐ ஆம் கீன் ஆன்.’ ‘தி பீப்பிள் ஐ ஆம் ஃபாண்ட் ஆஃப்.’

வாக்கியத்தை முன்னிடைச்சொல்லால் முடிக்கலாகாது என்று தமக்குக் கற்பித்ததாகச் சிலர் கூறுவர். 1672-இல் டிரைடன் என்னும் ஆங்கிலப் புலவர் தமக்கு முந்தைய நாடக ஆசிரியர் பென் ஜான்சனிடம் இக்குற்றத்தைக் கண்டார். அவருக்குப் பின் வந்த இலக்கண ஆசிரியர் சிலர் அதை விதியாகவே பரப்பினர். மக்கள் வழக்கு அவ்விதிக்குக் கட்டுப்படவில்லை. கட்டுப்பட விரும்புவோர் ‘தி வொர்க் இன் விச் ஐ ஆம் மோஸ்ட் இன்டரெஸ்டெட்’ என்று எழுதலாம்; விண்ணப்பத்துக்கு அது மிடுக்காகவும் இருக்கும். எங்கே வைப்பது என்பது உங்கள் விருப்பம். விட்டுவிடுவது மட்டும் கூடாது.

ஐந்தாம் வரியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ‘ஆங்ஷஸ் அபவுட் திஸ் போஸ்ட்’ என்றால் இந்த வேலையை நினைத்து அஞ்சுகிறேன், கவலைப்படுகிறேன் என்று பொருள். வேலை கேட்பவன் எழுதத்தக்க செய்தியா இது? ‘ஆங்ஷஸ் டு சர்வ்’ என்றால் பணி செய்யத் துடிக்கிறேன் என்றாகும். அச்சமும் ஆவலும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. எது வெளியே வரும் என்பது வாலைப் பொறுத்தது. ‘இம்பேஷண்ட்’ என்பதும் இப்படியே: ‘இம்பேஷண்ட் ஃபார்’ என்றால் வருகைக்கு ஏங்குதல், ‘இம்பேஷண்ட் வித்’ என்றால் எரிந்து விழுதல். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வருபவன் இவ்விரண்டையும் மாற்றி எழுதிவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் விரிக்க வேண்டியதில்லை.

‘பேஷனேட் ஃபார்’ எப்படி வந்தது என்று பின்னர்க் கூறுவதாகச் சொன்னேன் அல்லவா? பெயரடையின் வால் வேறு, அதே வேரில் பிறந்த பெயர்ச்சொல்லின் வால் வேறு. ‘பேஷனேட் அபவுட்’, ஆனால் ‘பேஷன் ஃபார்’. ‘எந்தூசியாஸ்டிக் அபவுட்’, ஆனால் ‘எந்தூசியாஸம் ஃபார்’. ‘ஃபாண்ட் ஆஃப்’, ஆனால் ‘ஃபாண்ட்னெஸ் ஃபார்’. ‘கிரேஸி அபவுட்’, ஆனால் ‘கிரேஸ் ஃபார்’. ஆசையைக் குறிக்கும் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் ‘ஃபார்’ பக்கம் சாய்கின்றன. தம்பி பெயர்ச்சொல்லின் வாலைப் பெயரடைக்கு ஒட்டிவிட்டான். விலக்கும் உண்டு: ‘இன்டரெஸ்ட்’ என்பது பெயரானாலும் ‘இன்’னை விடாது. எல்லாவற்றினும் வேடிக்கை ‘ப்ரவுட்’ குடும்பம். பெயரடைக்கு ‘ஆஃப்’, ‘ப்ரைட்’ என்னும் பெயருக்கு ‘இன்’, அதுவே வினையாகித் தன்னைத்தான் மெச்சிக்கொள்ளும்போது ‘ஆன்’. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவர், மூன்று சாதி வால்!

இவற்றையெல்லாம் எங்கே பார்த்துக் கற்பது? ரென்னும் மார்ட்டினும் எழுதிய இலக்கண நூலில் இத்தகைய சொற்களின் பட்டியல் உண்டு. நம் தந்தையர் அதை மனப்பாடம் செய்தார்கள். பட்டியலைக் காட்டிலும் அகராதி நல்ல துணை. அதிலும் வேற்று மொழியாளருக்கென்றே ஆக்கிய அகராதி. அத்தகையவற்றுள் புகழ்பெற்றதை ஆக்கியவர் ஹார்ன்பி. இங்கிலாந்தில் பிறந்து ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அவர் கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்னும் இருவருடன் சேர்ந்து தொகுத்த அகராதி 1942-இல் டோக்கியோவில் முதலில் வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டுப் பதிப்பகம் 1948-இல் அதைத் தன் வெளியீடாக்கியது. ஒரு சொல்லுக்குப் பொருள் கூறுவதோடு நில்லாமல், அச்சொல் எவ்வெவற்றோடு சேர்ந்து நடக்கும் என்பதையும் காட்டியதே அதன் சிறப்பு. ஆங்கிலேயன் கேட்காத கேள்வியை ஜப்பானிய மாணவன் கேட்டான். அதனால் அந்நூல் பிறந்தது. இன்று கைப்பேசியிலேயே அத்தகைய அகராதிகள் கிடைக்கின்றன. சொல்லைத் தேடுபவர் பொருளைப் பார்த்தவுடன் மூடிவிடாமல், எடுத்துக்காட்டு வாக்கியத்தில் சொல்லை அடுத்து நிற்கும் சிறு சொல்லையும் பாருங்கள். குறிப்பேட்டில் எழுதும்போது ‘கீன்’ என்று எழுதாதீர்கள். ‘கீன் ஆன்’ என்று எழுதுங்கள். ஒட்டியே எழுதினாலும் தவறில்லை.

தம்பி தாளைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் மறுபடி எழுதத் தொடங்கினான். ‘ஐ ஆம் ஃபாண்ட் ஆஃப் சில்ட்ரன்’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்து, “இப்பொழுதும் பொய்போலத்தான் இருக்கிறது, அண்ணா” என்றான். நான் சற்று யோசித்தேன். உருபு திருந்திவிட்டது, அவன் சொன்னது சரிதான், வரி இன்னும் வெறுமையாக இருந்தது. “நீ பிள்ளைகளுக்கு என்ன செய்திருக்கிறாய்?” என்று கேட்டேன். இரண்டாண்டுகளாக மாலையில் தன் வீட்டுத் திண்ணையில் தெருப் பிள்ளைகள் ஏழு பேருக்குக் கணக்குச் சொல்லித் தருவதாகக் கூறினான். எனக்கே அது தெரியாது. அதை அடுத்த வரியாக எழுதச் சொன்னேன். எழுதினான். அந்த வரியில் ஆர்வத்தைக் குறிக்கும் பெயரடை ஒன்றுகூட இல்லை.

கடைசி வரிக்கு வந்தான். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர்’ என்று எழுதியவன், எழுதுகோலை நிறுத்தி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். “அண்ணா, ‘லுக் ஃபார்வர்ட் டு ஹாலிடேஸ்’ என்று சொல்லலாம் அல்லவா?”

“சொல்லலாம்.”

‘ஹியர்’ என்பதை அடித்துவிட்டு ‘ஹியரிங்’ என்று எழுதினான்.